ஓடாத ஏர்கோனுக்கு கேஸ் ஏற்றிய கதை

ஏர்கோன் (ஏசி) பழுது பார்க்க வந்தவனிடம் கொடுத்த நூற்று அறுபது வெள்ளி, அதாவது ரிங்கிட், திரும்பி வராது என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் கோலாலம்பூர் செந்தூலில் எங்காவது லிஃப்ட் பக்கத்திலோ தபால் பெட்டியிலோ ‘ஏர்கோன் சர்வீஸ், கேஸ், கெமிக்கல் வாஷ்’ என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்தால் கால் ஒரு நொடி நின்றுவிடுகிறது. அந்த ஆள் என்னை ஏமாற்றிவிட்டான் என்று மனைவியிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். கடைசியாகச் சொன்னபோது எனக்கே வாய் கொஞ்சம் தடுமாறியது. அவள் கவனிக்கவில்லை, டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கவனித்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2024 ஏப்ரல். அந்த வெயிலை இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பகல் முழுக்கக் காய்ந்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு வானம் இருண்டு, அரை மணி நேரம் இடி, மழை, அப்புறம் சுவரெல்லாம் ஆவி விடுகிற மாதிரி ஒரு புழுக்கம். எங்கள் ஃப்ளாட் ஐந்தாவது மாடி, மேற்குப் பார்த்த வீடு. அம்மாவின் அறையில்தான் பிற்பகல் வெயில் விழும். எழுபத்தெட்டு வயதில் அவருக்கு இருக்கும் ஒரே ஆடம்பரம் ராத்திரி ஒன்பது முதல் விடியற்காலை வரை ஓடும் ஒரு ஹார்ஸ்பவர் ஏர்கோன். வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, இன்வெர்ட்டர் இல்லாத பழைய ரகம். அன்று ராத்திரி ரிமோட்டை அமுக்கினார். பீப் சத்தம் வரவில்லை. “ஐயா, இது பேச மாட்டேங்குது” என்று கூப்பிட்டார்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். அலுவலகத்தில் ஒரு தொகை இடித்தால் முதல் ரசீதிலிருந்து பார்ப்பதுதான் என் வேலை. வீட்டில் என்ன செய்தேன் என்றால், கையில் இருந்ததிலிருந்து ஆரம்பித்தேன், அதாவது ரிமோட். பேட்டரி மாற்றினேன். கைப்பேசியின் செல்ஃபி கேமராவுக்கு நேரே ரிமோட்டின் மூக்கைக் காட்டி அமுக்கினேன். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த அகச்சிவப்பு ஒளி, கேமராவில் வெளிர் ஊதாவாக மினுக்கும். பின்பக்கக் கேமராவில் பார்த்தால் சில கைப்பேசிகளில் தெரியாது, அது வடிகட்டிவிடும். மினுக்கியது. ரிமோட் நல்ல பிள்ளை. சரி என்று நாற்காலி போட்டு ஏறி, ஏர்கோனின் முன்மூடியைத் தூக்கினேன். உள்ளே ஓரமாக ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். ரிமோட் தொலைந்துபோனால் ஓடவைப்பதற்காக வைத்தது. பல வீடுகளில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ஏர்கோன் வாழ்ந்து முடித்துவிடும். அமுக்கினேன். அதற்கும் அசைவில்லை.

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ரிமோட் சரி, மெஷினிலேயே இருக்கும் பொத்தானுக்கும் பதில் இல்லை, ஒரு விளக்குகூட எரியவில்லை என்றால் மெஷினுக்குக் கரண்டே போய்ச் சேரவில்லை என்றுதானே முதலில் தோன்ற வேண்டும்? ஆனால் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, சமையலறையில் ஃப்ரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. வீட்டில் கரண்ட் இருக்கிறதே! ஏர்கோனுக்கென்று தனி வயர், மெயின் பாக்ஸில் தனி சுவிட்ச் என்பதெல்லாம் தெரியாதவன் இல்லை நான், அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். இதில் பெரிய கேலி, அறைச் சுவரில் இருக்கும் ஏர்கோன் சுவிட்ச். அதில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. கரண்ட் வந்தால் எரியும். அன்று அது எரியவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அந்தக் குட்டி விளக்கும் ஃபியூஸ் போய்விட்டது போல என்று. உண்மையைச் சொல்ல வந்த ஒரே சாட்சியைச் சந்தேகப்பட்டுவிட்டு, அம்மாவுக்கு மேசை ஃபேனை வைத்துவிட்டு, கீழே போய் தபால் பெட்டியில் ஒட்டியிருந்த நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை இரண்டு பேர் வந்தார்கள். பெரியவனுக்கு முப்பது வயது இருக்கும், சின்னவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பெரியவன் அறைக்குள் வந்து ஏர்கோனை ஒரு நொடி பார்த்தான், சுவர் சுவிட்சைப் பார்த்தான், சின்னவனிடம் என்னவோ கண்ணைக் காட்டினான். பிறகு என்னிடம் “அண்ணே, வெளி யூனிட் எங்க இருக்கு?” என்றான். பின்பக்கம் துணி காயப்போடும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். மூடியைக் கழற்றி, சிவப்பும் நீலமுமாக இரண்டு வட்டம் வைத்த மானியை மாட்டி, முள்ளைக் காட்டினான். “கேஸ் ரொம்பக் கம்மி அண்ணே. பாருங்க.” நானும் பார்த்தேன். எனக்கு அந்த முள் எங்கே நின்றாலும் ஒன்றுதான். சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்திருந்தான், வியர்த்துக் கொட்டியது, இருபது நிமிடம் குனிந்து நின்று வேலை செய்தான். உள்ளேயிருந்து பீப் சத்தம் கேட்டது. “ஓடுதுண்ணே” என்று சின்னவன் குரல் கொடுத்தான். நூற்று அறுபது வெள்ளி. நான் அவர்களுக்குக் குளிர்ந்த மைலோ வேறு கொடுத்தேன்.

செருப்பு அலமாரியில் முருகன்

திங்கட்கிழமை சாயங்காலம் அம்மா கோபமாக இருந்தார். “அந்தப் பையன் முருகன் படத்த எடுத்துச் செருப்பு மேல வச்சிட்டுப் போயிருக்கான். யாரு வீட்டுப் பிள்ளையோ.” எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் வாசல் கதவுக்குப் பின்னால், ஒரு மளிகைக் கடை கொடுத்த மாத காலண்டர் தொங்கும். மேலே பத்துமலை முருகன், கீழே ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், பள்ளி விடுமுறை எல்லாம். அம்மா காலையில் எழுந்ததும் பார்ப்பது அதைத்தான். சனிக்கிழமைக்கு அப்புறம் அது ஆணியில் இல்லை, செருப்பு அலமாரியின் மேல் கிடந்தது. அம்மா இரண்டு நாள் யோசித்து, வந்த பையன்தான் என்று முடிவுக்கு வந்திருந்தார். “நீங்க ரெண்டு பேரும் பின்னாடி நின்னீங்க. இவன் முன்னாடி வந்து காலண்டர எடுத்துட்டு, அந்தப் பெட்டியத் தொறந்து என்னமோ தட்டுனான். டிக்னு சத்தம் கேட்டுச்சு. ஏர்கோன் சுவிட்சுல செவப்பு லைட்டு வந்துச்சு.”

காலண்டருக்குப் பின்னால் இருப்பது மெயின் பாக்ஸ்.

அம்மா சொன்னதில் பெரிய விஷயம் செருப்புதான். எனக்கு டிக். போய் காலண்டரை ஒதுக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வரிசையாகச் சுவிட்சுகள், ஒன்றின் கீழ் எப்போதோ யாரோ மையால் ‘ஏர்கோன்’ என்று எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்து அப்பாவுடையது. அவர் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். வீட்டில் மிக்சி ஓடாவிட்டாலும் முதலில் வாசல் கதவுக்குப் பின்னால்தான் போவார். “கரண்டு எங்கேருந்து வருதோ அங்கேருந்து நட” என்பார். அவர் இருந்தவரை அந்தப் பெட்டிக்கு முன்னால் காலண்டர் தொங்கியதில்லை. இடி மழை அன்று அந்தச் சுவிட்ச் தானாக ட்ரிப் ஆகிக் கீழே விழுந்திருக்கிறது. பையன் அதை மேலே தள்ளியிருக்கிறான். ஏர்கோன் ‘சரியானது’ அப்போதே, அதாவது சிலிண்டரின் குழாயை மாட்டுவதற்கு முன்பே.

கேஸைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏர்கோன் கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம், ஓட்டையை அடைக்காமல் நிரப்புவது ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பது. அதைவிட முக்கியம், கேஸ் குறைந்த ஏர்கோன் ஓடும், விளக்கு எரியும், காற்று வரும், குளிர்ச்சிதான் இருக்காது. பீப் சத்தமே வராத ஏர்கோனுக்கும் கேஸுக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. சுங்கை பூலோவிலும் ஷா ஆலாமிலும் ஏர்கோன் செய்து உலகத்துக்கே அனுப்புகிற நாட்டில், எத்தனையோ வீடுகளில் இது ஒன்று மாட்டியிருக்கும் ஊரில், இந்த ஒரு வரி யாரும் யாருக்கும் சொல்வதில்லை. நான் தெரிந்துகொண்டதும் அந்த வாரம்தான், தாமதமாக.

அந்த நம்பருக்கு போன் செய்தேனா என்று கேட்காதீர்கள். இரண்டு தடவை எடுத்தேன், வைத்துவிட்டேன். என்ன சொல்வது? ‘நீ சுவிட்சைத் தள்ளினாய், எங்கம்மா பார்த்தார்’ என்றா? அவன் ‘அண்ணே, கேஸும் கம்மியாத்தான் இருந்துச்சு’ என்பான். முள் எங்கே நின்றது என்று எனக்குத்தான் தெரியாதே.

பல்லி விழுந்த பலன்

அக்டோபரில், தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, மறுபடியும் ஒரு சாயங்கால இடி. ஏப்ரலும் அக்டோபரும் கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிக்குப் பேர்போன மாதங்கள், இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவே உள்ள இடைவெளி. ராத்திரி மறுபடியும் பீப் இல்லை. இந்த முறை நான் வீரமாக வாசலுக்குப் போனேன். காலண்டரை மரியாதையாக எடுத்து மேசை மேல் வைத்தேன். மெயின் பாக்ஸைத் திறந்தேன். எல்லா சுவிட்சும் மேலேயே இருந்தன. அறைக்குப் போனால் சுவர் சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிகிறது. கரண்ட் சுவர் வரைக்கும் வந்துவிட்டது, மெஷின்தான் பேசவில்லை. ஆறு மாதமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துபோனது.

அலுவலகத்தில் ஒருவர் சொல்லி ஒரு பெரியவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், உதவிக்கு ஆள் இல்லை, கையில் ஒரு பழைய பை, கழுத்தில் கண்ணாடி. அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். வந்ததும் ஏர்கோனைப் பார்க்கவே இல்லை. “மெயின் எங்க?” என்றார். அங்கிருந்து சுவர் சுவிட்ச், அங்கிருந்து மெஷினுக்குள் வயர் வந்து சேரும் இடம், ஒவ்வொன்றிலும் மீட்டரின் இரண்டு ஊசியையும் வைத்து, எண்ணை எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டே வந்தார். வயர் சேரும் இடம் வரைக்கும் 230-க்குச் சற்று மேலே இருந்தது. அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை. “அப்ப நோய் இந்தப் பக்கம்” என்று சொல்லி மெயினை இறக்கிவிட்டு, சர்க்யூட் போர்டை வெளியே எடுத்தார். விரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடி ஃபியூஸ், 3.15 ஆம்பியர், உள்ளே கறுத்துப் போயிருந்தது. அதன் பக்கத்தில் நீல நிறத்தில் பட்டாணி வடை மாதிரி ஒரு வட்டம், நடுவில் வெடித்திருந்தது. வேரிஸ்டர் என்றார். இடி இடித்து லைனில் வோல்டேஜ் எகிறும்போது அது தன் வழியாகக் கரண்டை ஓடவிட்டு, ஃபியூஸைப் போகவைத்து, போர்டைக் காப்பாற்றிவிடுமாம். “இது செத்ததாலதான் உங்க போர்டு பொழைச்சிருக்கு. புது போர்டுன்னா முந்நூறு நானூறு கேட்பாங்க.” இரண்டையும் மாற்றினார். சாமான் விலை பத்து வெள்ளிகூட வராது என்று அவரே சொன்னார்.

அதோடு போயிருக்கலாம். போகவில்லை. “போன தடவ மெயின் விழுந்துச்சுன்னு சொன்னீங்கல்ல? அது ஏன் விழுந்துச்சு?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆறு மாதமாக நான் யார் தள்ளினான், எப்போது தள்ளினான் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். ஏன் விழுந்தது என்ற கேள்வி ஒரு தடவைகூட வரவில்லை. பின்பக்கம் போய் வெளி யூனிட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்தார். வயர்கள் சேரும் கட்டையின் மேல், காகிதம் போலக் காய்ந்து ஒரு பல்லி. வாய்ப்பக்கம் ஒரு முனை, வால் பக்கம் இன்னொரு முனை, நடுவில் கரிந்த கோடு. மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்திருக்கும், மெஷின் சூடு அதற்குப் பிடிக்கும். இரண்டு முனையையும் சேர்ந்தாற்போலத் தொட்ட நொடியில் அதுவும் போய், மெயினும் விழுந்திருக்கிறது. நான் இடியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எறும்பும் இதே வேலையைச் செய்யும் என்றார். மெயின் விழுந்தால் ஒரே ஒரு தடவை தள்ளிப் பார்க்கலாம், மறுபடி விழுந்தால் கையை வைக்கவே கூடாது, அது பிடிவாதம் பிடிக்கவில்லை, எதையோ பார்த்துவிட்டுத்தான் விழுகிறது என்றும் சொன்னார்.

அம்மா எட்டிப் பார்த்தார். கெவுளி சாஸ்திரத்தில் கரை கண்டவர். “தலையில விழுந்தா கலகம், வலது தோளுல விழுந்தா வெற்றின்னு இருக்கு. ஏர்கோன் மேல விழுந்தா என்ன பலன்?” பெரியவர் திரும்பிப் பார்க்காமலே, “பல்லிக்கு மரணம், வீட்டுக்காரருக்குச் செலவு” என்றார். அம்மா அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஏர்கோனை ஓடவிட்டு, வயரைச் சுற்றி ஒரு கிடுக்கி மீட்டரை மாட்டினார். யூனிட்டின் பக்கத்துத் தகட்டில் எழுதியிருப்பதைவிட அதிக ஆம்பியர் இழுத்தது. மானியை மாட்டிப் பார்த்தார், முகம் மாறியது. “யாரு கேஸ் போட்டது?” கதையைச் சொன்னேன். தேவையில்லாமல் ஏற்றிய கேஸால் கம்ப்ரெசர் மூச்சு முட்டி ஓடிக்கொண்டிருந்ததாம். ஆறு மாதமாக லைட் பில் கொஞ்சம் கூடியிருந்ததை வெயில் மேல் போட்டிருந்தேன். எங்களுடையது ஆர்410ஏ, இரண்டு வகை கேஸ் கலந்தது, குத்துமதிப்பாக ஊற்றுவதும் எடுப்பதும் கூடாது என்றார். இருப்பதை முழுக்க ஒரு சிலிண்டருக்கு இழுத்துவிட்டு, தகட்டில் எழுதியிருக்கும் எடைக்குத் தராசு வைத்துப் போட வேண்டும். அதைத் தீபாவளி முடிந்து வந்து செய்தார், அதற்குத் தனிக் காசு. அது வேறு கணக்கு.

முதல் நாள் வேலைக்குத் தொண்ணூறு வெள்ளி வாங்கிக்கொண்டு, நோட்டை எண்ணும்போது நான் சும்மா இருக்காமல் கேட்டேன்: “பாருங்கண்ணே, சுவிட்சைத் தள்ளிட்டுக் கேஸ்னு சொல்லி நூத்தி அறுபது வாங்கிட்டான். இப்படியும் இருக்காங்களே.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “தப்புதான். ஆனா ஒண்ணு கேக்குறேன். ‘சுவிட்ச் விழுந்திருந்துச்சுண்ணே, தள்ளிட்டேன், வந்ததுக்கு அறுபது வெள்ளி கொடுங்க’ன்னு அந்தப் பையன் சொல்லியிருந்தா, கொடுத்திருப்பீங்களா?” கொடுத்திருப்பேன் என்று வாய் வரை வந்தது. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு, அம்மாவிடம் வரேம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அறுபது வெள்ளி

பல வருடம் முன்பு மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு கைக்கடிகாரக் கடை. என் கடிகாரம் நின்றுபோயிருந்தது. கடைக்காரர் பின்மூடியைத் திறந்தார், பேட்டரி தொடும் இடத்தில் இருந்த பச்சைப் பூச்சை ஊசியால் சுரண்டினார், மூடினார். முள் நகர்ந்தது. பதினைந்து வெள்ளி கேட்டார். “சுரண்டினதுக்கா பதினஞ்சு?” என்றேன். பத்தை வைத்துவிட்டு வந்தேன். வெளியே வந்து தே தாரிக் டீ குடிக்கும்போது ஐந்து வெள்ளி மிச்சம் பிடித்த சந்தோஷம்கூட இருந்தது. அவர் அன்றே ‘உள்ள சாமான் போச்சு, மாத்தணும்’ என்று சொல்லி முப்பது கேட்டிருந்தால் பேசாமல் கொடுத்திருப்பேன். நன்றியும் சொல்லியிருப்பேன்.

அந்த ஏர்கோன் தம்பி செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. அவன் என் கம்ப்ரெசரைக் கெடுக்கப் பார்த்தான், பல்லியை உள்ளேயே விட்டுவிட்டுப் போனான், அம்மாவின் முருகனைச் செருப்பின் மேல் வைத்தான். ஆனால் சிலிண்டரை ஐந்தாவது மாடிக்குத் தோளில் தூக்கி வந்தது ஏன் என்று இப்போது கொஞ்சம் புரிகிறது. வெறுங்கையோடு வந்து உண்மையைச் சொல்லும் ஆளுக்கு என்னைப் போன்ற வீட்டுக்காரன் பெட்ரோல் காசுகூடத் தரமாட்டான் என்பது அவன் தொழிலில் சேர்ந்த முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்ட பாடமாக இருக்கும். மனைவியிடம் பத்தாவது தடவை சொன்னபோது வாய் தடுமாறியது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

போன மாதம் மேல்வீட்டு மலாய்க்கார அக்கா கதவைத் தட்டினார். கணவர் ஜொகூரில் வேலையாக இருக்கிறார், பிள்ளைக்குக் காய்ச்சல், ஏர்கோன் ஓடவில்லை. எங்கள் வீட்டுக் கதை அந்த பிளாக் முழுக்கத் தெரியும், அம்மாவின் வேலை. போனேன். ஏர்கோனைப் பார்க்காமல் நேராக வாசல் கதவுக்குப் பின்னால் போனேன். ஒரு சுவிட்ச் கீழே விழுந்திருந்தது. ஒரு தடவை மேலே தள்ளினேன், நின்றது. அறைக்குள்ளிருந்து பீப். ஆள் வைத்து வெளி யூனிட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், பல்லி இருக்கும் என்று பெரியவரின் நம்பரையும் கொடுத்தேன்.

அக்கா என் முகத்தையும் சுவிட்சையும் மாறி மாறிப் பார்த்தார். “இத்து சாஜா?” என்றார். அவ்வளவுதானா என்று. சந்தோஷமாகத்தான் கேட்டார், ஆனால் குரலில் எங்கோ ஒரு துளி ஏமாற்றம். மேசையில் ஒரு தட்டில் எனக்காகக் கறிபாப் எடுத்து வைத்திருந்தார். கைகழுவக்கூட வேலையில்லாமல் அதை எப்படி எடுத்துச் சாப்பிடுவது என்று எனக்கும் கூச்சமாக இருந்தது. “இருங்க, வந்தது வந்துட்டேன்” என்று சொல்லி, நாற்காலி போட்டு ஏறி, முன்மூடியைத் தூக்கி, ஃபில்டர் இரண்டையும் உருவி, குளியலறையில் வைத்துப் பத்து நிமிடம் தேய்த்துக் கழுவி, துடைத்து மாட்டினேன். சட்டை நனைந்துவிட்டது. அக்காவின் முகம் தெளிந்தது, கறிபாப்போடு தேநீரும் வந்தது.

ஃபில்டரில் அப்படியொன்றும் தூசி இல்லை.